ஊர் இரண்டுபட்டால்...!



நோட்டீஸ் போர்டு என்றாலே நமக்கெல்லாம் ஒரு நடுக்கம்தான். அட்டெண்டன்ஸ் குறைந்தவர் பட்டியல், அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள், லேப் ரெக்கார்டு ஒப்படைக்காதவர் பெயர்கள்... நல்ல சேதி ஒன்று அதில் ஒட்டப்பட்டதாகச் சரித்திரமே இல்லை! ஆனால் நம்ம திருச்சியில் ஒட்டப்பட்ட ஒரு நோட்டீஸ் சரித்திரத்திலேயே இடம்பிடித்திருக்கிறது, தெரியுமா?

ஆண்டு 1801. ஜூன் மாதம் 16-ஆம் தேதி. திருச்சிக் கோட்டைக்குள் இருந்த நவாபின் அரண்மனை வாசலில் ஒன்று. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் கோயில் மதிலில் ஒன்று. இரண்டிலும் கண்ட பெயர் மருது பாண்டியன். சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுதான் அவர். ஜம்புத்தீவுப் பிரகடனம் என்றும், திருச்சிப் பிரகடனம் என்றும் அதைச் சொல்வார்கள். நாவலந்தீவு என்று நம் முன்னோர் அழைத்த இந்தப் பாரத பூமிதான் ஜம்புத்தீவு.

மெயின்கார்டு கேட்டைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறோம். அந்தப் பழைய கோட்டையில் மிஞ்சி நிற்கும் வாசல் அது. பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரத்தில் அதை நிமிர்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்? அந்தக் கோட்டைக்குள் ஒட்டப்பட்ட ஒரு காகிதம் அன்று எழுப்பிய கேள்வி இன்றைக்கும் நம் முன்னால் நிற்கிறது. நாடு தாக்கப்படும்போது, எல்லையைக் காக்க ராணுவம் இருக்கிறது. சரி. உள்ளே இருக்கும் அமைதியைக் காப்பது யார்? எப்படி?

இதற்குப் பதில் தேட நாம் டெல்லிக்கோ, வெளிநாட்டுக்கோ போக வேண்டாம். நம்ம ஊரிலேயே பாடம் இருக்கிறது.

விருந்தாளி வீட்டுக்காரன் ஆன கதை

வெள்ளைக்காரன் திருச்சியைப் பீரங்கி வைத்துத் தகர்த்துப் பிடித்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது அதுவல்ல. நாமே கதவைத் திறந்துவிட்டோம்!

1730-களில் திருச்சியில் நாயக்கர் அரசி மீனாட்சி ஆண்டாள். அவளுக்கும் அதே வம்சத்தைச் சேர்ந்த பங்காரு திருமலைக்கும் பட்டம் யாருக்கு என்று சண்டை. குடும்பச் சண்டையில் பஞ்சாயத்துப் பண்ண வந்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சந்தா சாகிப். முடிவு என்ன? இருவருக்கும் பட்டம் இல்லை. கோட்டை சந்தா சாகிப் கையில்!

அடுத்த சண்டை ஆற்காட்டு நவாப் பதவிக்கு. 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் மடிந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் வந்து புகுந்துகொண்டார். எதிராளி அதே சந்தா சாகிப். இவர் ஆங்கிலேயரைக் கூப்பிட்டார். அவர் பிரெஞ்சுக்காரரைக் கூப்பிட்டார். போதாக்குறைக்கு முகமது அலி, மைசூரின் நஞ்சராஜாவிடம், "உதவிக்கு வாருங்கள், திருச்சியையே தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஜெயித்த பிறகு கையை விரித்துவிட்டார். மைசூர்ப் படை கோபத்தில் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது.

1751, 1752 ஆண்டுகளில் நிலைமை எப்படி இருந்தது என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மலைக்கோட்டையில் ஆங்கிலேயச் சிப்பாய். ஸ்ரீரங்கம் தீவில், பெருமாள் கோயில் மதிலுக்குள் பிரெஞ்சுச் சிப்பாய். நடுவில் காவிரி. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது; சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகமது அலி நவாப் ஆனார். ஆனால் சும்மாவா? போர்ச் செலவு முழுக்க அவர் தலையில் கடனாக ஏறியது. கடனுக்கு வட்டி, வட்டிக்கு வரி வசூல் உரிமை. 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் உரிமையும் கம்பெனிக்குப் போயிற்று. வாடகைக்கு வந்தவன் வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்ட கதைதான்!

எதிர்த்தவர்கள் இல்லாமல் போகவில்லை. 1772-இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் களத்தில் விழுந்தார். 1799 மே மாதம் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எல்லாரும் வீரர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொருத்தராகச் சண்டை போட்டார்கள், ஒவ்வொருத்தராகத் தோற்றார்கள். பக்கத்துச் சீமை எரியும்போது, "நமக்கென்ன வந்தது?" என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள்.

நோட்டீஸில் என்ன இருந்தது?

இந்த உண்மையைத்தான் சின்ன மருது போட்டு உடைத்தார். அவர் எழுதியதன் சாரத்தை நம் வார்த்தையில் சொல்கிறேன்.

முதலில், இதைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கவனமாகப் படியுங்கள் என்று ஆரம்பிக்கிறார். யாருக்கு? பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸல்மான்கள் என்று எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நவாப் முகமது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்துவிட்டார். வந்தவர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்து நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். மக்களை நாயாக மதிக்கிறார்கள் என்கிறார்.

அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். இந்த நிலைமைக்குக் காரணம் என்ன? வெள்ளையனின் துப்பாக்கி என்று அவர் எழுதவில்லை. உங்களுக்குள் ஒற்றுமையும் நட்பும் இல்லை, ஒருவரை ஒருவர் தூற்றிக்கொண்டே நாட்டைக் கொண்டுபோய் அந்நியனிடம் கொடுத்துவிட்டீர்கள் என்று நம்மைப் பார்த்தே விரலை நீட்டுகிறார். எதிரியைத் திட்டி எழுதுவது சுலபம். சொந்த ஜனங்களிடம், "தப்பு நம்ம பக்கம்" என்று சுவரில் எழுதி ஒட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

மூன்றாவதாக, ஜெயித்தால் என்ன செய்வோம் என்பதையும் சொல்கிறார். "நாடு முழுக்க எனக்கு" என்று கேட்கவில்லை. நவாபுக்கு ஆற்காடு, மற்றவர்க்கு அவரவர் சீமை, அவரவர் வழக்கம், அவரவர் மதம் என்கிறார். அதாவது, "ஒன்று சேருங்கள்" என்று சொன்னவர், "ஒரே மாதிரி ஆகிவிடுங்கள்" என்று சொல்லவில்லை.

நான்காவதாக, கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்திருந்த நம் ஆட்களையும் விடவில்லை. சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று பதவி வாரியாகக் கூப்பிட்டு, உங்கள் வீரத்தை இந்தப் பக்கம் காட்டுங்கள் என்கிறார். மீசை வைத்தவர்களுக்கும் ஒரு தனி அழைப்பு உண்டு. அழைப்புக்கு வராதவன் மீசையைப் பற்றி அவர் எழுதியிருப்பதை இந்த மலரில் அச்சிட முடியாது. மலர்க்குழு ஆசிரியர் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்!

கடைசியில் ஸ்ரீரங்கத்துப் பெரியோர்களுக்கு வணக்கம் சொல்லி, ஆசி கேட்டு முடிக்கிறார்.

பரப்பிய விதமும் பாருங்கள். ஜெராக்ஸ் இல்லாத காலம். படித்தவர் பிரதி எடுத்து மற்றவர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதை மதிக்காதவனுக்கு அவனவன் மதத்தில் எது கொடிய பாவமோ, அந்தப் பாவம் சேரும் என்று சாபமும் உண்டு. இந்துவுக்கு ஒரு சாபம், முஸ்லிமுக்கு ஒரு சாபம்; இரண்டும் சம எடை! படிக்கிறவன் மனசு எந்தப் பாஷையில் பேசுமோ, அந்தப் பாஷையிலேயே பேசியிருக்கிறார்.

குறையே இல்லாத எழுத்தா அது? இல்லை. அது போர்க்கால எழுத்து. ஐரோப்பியரைக் கண்ட இடத்தில் அழியுங்கள் என்கிற கடுமை அதில் இருக்கிறது. மேல் கீழ் என்ற பழைய வரிசையிலேயேதான் சாதிகளை அடுக்கியிருக்கிறது. இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1801-இல், சாதியும் மதமும் கடந்து ஒரு நாட்டு ஜனங்களை ஒரே தாளில் கூப்பிட்ட அந்தக் குரலின் அருமை இதனால் குறைந்துவிடாது.

பிறகு ஏன் தோற்றது?

பிரகடனம் ஒட்டப்பட்ட ஆறே வாரத்தில், 1801 ஜூலை 31-இல், புதிய நவாபிடம் கையெழுத்து வாங்கிக் கர்நாடக அரசு முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. இன்னொரு பக்கம் படை நடத்தியது. காளையார்கோயில் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, ஒரு மாதம் பாடுபட்டும் முடியாமல் திரும்பியது. துப்பாக்கியால் முடியாததை அடுத்து எதால் செய்தார்கள் தெரியுமா? பிறப்பால்!

"மருது சகோதரர்கள் யார்? அரண்மனைச் சேவகர்கள்தானே? ஆள என்ன உரிமை?" என்ற பேச்சைக் கம்பெனி கிளப்பியது. 1801 செப்டம்பரில், பழைய அரச குடும்பத்து உறவினரான படமாத்தூர் கௌரி வல்லபரைச் சோழபுரத்தில் வைத்துச் சிவகங்கைக்கு அதிபதி என்று அறிவித்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்த ஜனங்களின் விசுவாசம் இரண்டாகப் பிளந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் ஏற்கெனவே கம்பெனி பக்கம். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இருந்தது எல்லைத் தகராறு. பக்கத்து வயலோடு இருந்த வரப்புச் சண்டை, நாட்டுக்கே விலங்காயிற்று.

அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் 1802-இல் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம்ம பழமொழி. கூத்தாடியாவது விடிந்ததும் ஊரை விட்டுப் போய்விடுவான். இந்தக் கூத்தாடி அதற்குப் பிறகு 146 வருஷம் போகவே இல்லை!

கான்கிரீட் சொல்லும் பாடம்

"எல்லாம் சரிப்பா, ஒற்றுமை ஒற்றுமைன்னு மேடையில எல்லாரும்தான் சொல்றாங்க. அப்படின்னா என்ன?" என்று கேட்கிறீர்களா? டிப்ளமோ படிக்கிற நமக்கு நம்ம பாடத்திலேயே விடை இருக்கிறது.

சிவில் மாணவர்களைக் கேளுங்கள். கான்கிரீட் அமுக்கு விசையைத் தாங்கும்; இழுத்தால் விரிசல் விடும். இரும்புக் கம்பி இழுவிசையைத் தாங்கும். இரண்டும் வேறு வேறு ஜாதி! ஆனால் சேர்த்து வார்த்தால் பாலமே நிற்கிறது. எப்படி? வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன. குளிரில் ஒரே அளவு சுருங்குகின்றன. சூடு ஏறும்போது ஒன்று விரிந்து மற்றொன்று விரியாமல் போயிருந்தால் பிடிப்பு விட்டுப்போயிருக்கும். கம்பி கான்கிரீட்டாக மாறவும் இல்லை, கான்கிரீட் கம்பியாக மாறவும் இல்லை. கஷ்ட காலத்தில் இரண்டும் சேர்ந்து அசைகின்றன, அவ்வளவுதான். அதுதான் ஒற்றுமை.

அந்தப் பாலம் எப்படிக் கெடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மேலே லாரி போவதால் மட்டும் அது கெடுவதில்லை. எங்கோ ஒரு சின்ன வெடிப்பில் தண்ணீர் இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பை விட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்தே தள்ளும். ஒருநாள் கான்கிரீட் பெயர்ந்து விழும். வெளியிலிருந்து வரும் தாக்குதல் லாரி என்றால், உள்ளே பரவும் வெறுப்பும் வதந்தியும்தான் துரு.

தாக்கப்பட்ட ஊர் எதை நினைவில் வைத்தது?

இந்த இடத்தில் ஸ்ரீரங்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். பிரகடனம் ஒட்டப்படுவதற்கு ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே தாக்குதலைக் கண்ட ஊர் அது. 1311-லும் 1323-லும் டெல்லி சுல்தான்களின் படை தெற்கே வந்தது. ஸ்ரீரங்கம் சூறையாடப்பட்டது, உயிர்கள் பல போயின. உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு அடியார்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். 1371-இல்தான் நம்பெருமாள் திரும்பி வந்தார் என்பது கோயில் வரலாறு.

இவ்வளவு பட்ட ஊர் பழிவாங்கும் நினைவை மட்டும் வளர்த்திருந்தால் ஆச்சரியப்பட முடியாது. ஆனால் அதே கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது! பெருமாள் மீது அன்பு வைத்துப் பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகள் என்பது ஐதீகம். அங்கே சிலை கிடையாது, சித்திரம்தான். அவளுக்காகப் பெருமாளுக்குக் கோதுமை ரொட்டி நைவேத்தியம். லுங்கி சாத்தும் வழக்கமும் உண்டு. இது ஐதீகமா சரித்திரமா என்று ஆராய்ச்சியாளர்கள் விவாதிக்கட்டும். நாம் பார்க்க வேண்டியது வேறு. படையெடுத்து வந்தவனை அந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் அவன் மதத்தைச் சேர்ந்த பெண்ணுக்குத் தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கியது. வந்து தாக்கிய படை வேறு, பக்கத்தில் வாழும் மனிதர் வேறு என்ற பகுத்தறிவு இது. எத்தனையோ படித்த நாடுகளுக்கே வராத அறிவு!

1962: பேசிக்கொண்டே ஒன்றாக நின்றோம்

சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். 1962 அக்டோபர் 20-இல் சீனப் படை இமயத்தில் தாக்கியது. அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் என்ன நிலைமை? திராவிட நாடு தனியாக வேண்டும் என்று கேட்ட கட்சி தி.மு.க. 1956-இல் தேர்தலில் நிற்பது என்று அந்தக் கட்சி முடிவெடுத்ததே நம்ம திருச்சி மாநாட்டில்தான். 1962 தேர்தலில் 50 சட்டமன்ற இடங்களைப் பிடித்திருந்தது. அதே ஆண்டு மே முதல் நாள், அண்ணா மாநிலங்களவையில் தம் முதல் பேச்சிலேயே பிரிவினைக் கோரிக்கையை எடுத்து வைத்தார். பிறகு விலைவாசிப் போராட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தார்.

வெளியே வந்த அண்ணா என்ன செய்தார்? சீனாக்காரன் அடிக்கட்டும், நமக்கு நல்லது என்று சும்மா இருந்தாரா? இல்லை. பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்தினார். நாட்டுப் பாதுகாப்புக்கு ஆதரவு திரட்டினார். வீடு இருந்தால்தானே ஓடு மாற்ற முடியும் என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் தமிழகத்தில் பேசப்படுகிறது. மீனாட்சியும் பங்காரு திருமலையும் செய்யாததை, முகமது அலியும் சந்தா சாகிப்பும் செய்யாததை, அவர் செய்தார். வீட்டுச் சண்டைக்கு வெளி ஆளைக் கூப்பிடவில்லை!

1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு நவம்பரில் தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையையே கைவிட்டது. ஆனால் கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்றும் அண்ணா சொல்லிவைத்தார். மொழி உரிமையை அவர்கள் விடவில்லை.

நண்பர்களே, இந்த இடம்தான் இந்தக் கட்டுரையின் உயிர். நாட்டு ஒற்றுமைக்காகக் குறையைச் சொல்லாதே என்று எவராவது வாயை அடைத்தால், அது ஒற்றுமை ஆகாது. 1964 ஜனவரி 25-இல் நம்ம திருச்சி ரயில் நிலையத்தின் முன்னால் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். அடுத்த ஆண்டு மொழிப் போராட்டத்தில் மாணவர்கள் உள்பட எத்தனையோ உயிர்கள் போயின. அந்தக் குரலுக்கு டெல்லி செவி கொடுத்தது எப்போது? 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆங்கிலம் தொடர்வதற்கு உத்தரவாதம் தரப்பட்டபோதுதான். சீக்கிரமே காது கொடுத்திருந்தால் அந்த உயிர்கள் பிழைத்திருக்கும் அல்லவா? ஒற்றுமை ஒருவழிப் பாதை இல்லை. தாக்குதல் வரும்போது குடிமகன் நாட்டோடு நிற்க வேண்டும். அமைதி வந்த பிறகு நாடு குடிமகனின் பேச்சைக் கேட்க வேண்டும்.

1962-இல் நாம் சரியாகச் செய்ததைச் சொன்னால், தவறியதையும் சொல்லத்தான் வேண்டும். அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சத்து இந்தியர் சுமார் 3,000 பேரைக் கைது செய்து, ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். குழந்தைகள், கிழவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள், கடைக்காரர்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் முகச்சாயல்! திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் கடையும் இல்லை. இமயத்தில் வந்த எதிரியை இவர்களை அடைத்ததால் ஓர் அடியாவது பின்னுக்குத் தள்ள முடிந்ததா? முடியவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு எப்போதோ தெரிந்திருந்த பாடம் அன்றைக்கு நாட்டுக்கு மறந்துபோயிற்று.

நம் காலத்துத் துரு

2025 ஏப்ரல் 22-இல் காஷ்மீரில் பஹல்காம் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மதம் என்ன என்று கேட்டுக் கேட்டுச் சுட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். ஏன் அப்படிக் கேட்டார்கள்? யோசித்துப் பாருங்கள். நாமும் நம் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்! தோட்டா 26 பேருக்கு. அந்தக் கேள்வி 140 கோடிப் பேருக்கு. சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட உள்ளூர்க் குதிரைக்காரர் ஒரு முஸ்லிம். அதற்குப் பிறகும் வடக்கே சில ஊர்களில், விடுதியில் தங்கிப் படித்த காஷ்மீர் மாணவர்கள் மிரட்டப்பட்டார்கள். அவர்களும் நம்மைப் போல லேப் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்த பசங்கதான். மிரட்டியவர்கள் தேசபக்தியோடு செய்ததாக நினைத்திருக்கலாம். ஆனால் சுட்டவன் போட்ட கணக்கை அவர்கள்தான் பூர்த்தி செய்து கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் சண்டை மூண்டபோது செல்போனில் வந்த வீடியோக்கள் எத்தனை! வீடியோ கேம் காட்சியைப் போர்க்காட்சி என்று அனுப்பினார்கள். வேறு நாட்டில், வேறு ஆண்டில் நடந்ததை நேற்று நடந்தது என்றார்கள். இங்கே சின்ன மருதுவின் நோட்டீஸை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவரும்தான் பிரதி எடுத்துப் பரப்பச் சொன்னார். வித்தியாசம் என்ன? அவர் பெயர் போட்டார். யார், எந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயருக்காகக் கழுத்தைக் கொடுத்தார். இன்று வருகிற வதந்திக்கு அப்பன் பெயரே கிடையாது! பெயர் போடத் துணியாதவன் எழுதியதை நம் பெயரில் நாம் ஏன் அனுப்ப வேண்டும்?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. எல்லாச் சாதியாரையும் ஒரே தாளில் கூப்பிட்ட மருதுவை இன்று ஒரு சாதிக்குள் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள். குருபூஜை சமயங்களில் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் தடை உத்தரவும் போலீஸ் பந்தோபஸ்தும் போட வேண்டியிருக்கிறது. தெற்கே பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கு ஒரு கலரில் கயிறு கட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த மாணவனையே வீடு புகுந்து வெட்டும் அளவுக்கு அது போயிற்று. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகள் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது. எல்லையில் எதிரி நிற்கும்போது, வகுப்பறையில் நாம் கலர் பார்த்துக்கொண்டிருந்தால், 1801-இல் தோற்றது எதனால் என்று இன்னமும் நாம் படிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நம் கைக்கு எட்டியதைச் செய்வோம்.

ஒன்று: நெருக்கடி நேரத்தில் வரும் செய்தி எதுவானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னவன் யார்? எப்போது நடந்தது? இதைப் பரப்பினால் யாருக்கு அடி விழும்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அனுப்பாதீர்கள்.

இரண்டு: ஊரில் பதற்றம் என்றால் முதலில் நம் விடுதியில், நம் தெருவில் எண்ணிக்கையில் குறைந்தவர் யார் என்று பாருங்கள். வேற்று மாநிலத்துப் பையனாக இருக்கலாம், வேற்று மதத்தானாக இருக்கலாம். போய் அவனோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். ஒரு டீக்கு அவ்வளவு சக்தியா என்று சிரிக்காதீர்கள். நாலு பேர் கூட இருக்கிறார்கள் என்று தெரிந்தால், கல்லெறிய வருகிறவன் யோசிப்பான்.

மூன்று: நமக்குள் சண்டை வந்தால் நமக்குள்ளேயே தீர்ப்போம். யூனியன் தேர்தலில் கூட வெளி ஆளைக் கொண்டுவந்து இறக்காதீர்கள். வெளி ஆள் வந்தால் சும்மா திரும்ப மாட்டான் என்பதைத் திருச்சிக் கோட்டையைவிடத் தெளிவாகச் சொல்ல யாராலும் முடியாது.

நான்கு: குறை இருந்தால் சொல்லுங்கள். சத்தமாகவே சொல்லுங்கள். சின்ன மருது மாதிரி பெயர் போட்டுச் சொல்லுங்கள். ஆனால் குறை சொல்வது வேறு, குழி பறிப்பது வேறு என்ற எல்லையை மறக்காதீர்கள்.

நாளைக்கு நம்மில் ஒருவர் திருவெறும்பூர் பெல் ஆலையில் பாய்லர் குழாய்க்கு வெல்டிங் போடுவார். ஒருவர் 1966-இல் தொடங்கிய நம்ம ஊர்த் துப்பாக்கித் தொழிற்சாலையில் லேத் ஓட்டுவார். இன்னொருவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடிப்பார். அங்கே பக்கத்து மிஷினில் நிற்பவன் என்ன சாதி, என்ன மதம் என்று இரும்புக்குத் தெரியாது. வேலை சுத்தமா என்பதுதான் தெரியும். வெல்டிங்கில் மேலே பளபளப்பாக இருந்து உள்ளே ஊடுருவாமல் இருந்தால், பிரஷர் ஏறும் நாளில் காட்டிக்கொடுத்துவிடும். நாட்டு ஒற்றுமையும் அப்படித்தான். ஆகஸ்ட் 15 அன்று கொடி குத்திக்கொள்வது மேல் பளபளப்பு. பக்கத்தில் இருப்பவனை நம் ஆள் என்று மனசார நினைப்பதுதான் ஊடுருவல். பிரஷர் எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இன்றைக்கே, இந்த வகுப்பறையிலேயே, ஜாயிண்டைச் சரியாகப் போட்டு வைப்போம்!

வாழ்க பாரதம்! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!